அரசியல்வாதியை நரியாக வரையும் விளம்பரம்: எது குத்தும், எது திருப்பி அடிக்கும்?

பத்திரிகை விளம்பரங்களில் அரசியல்வாதிகளை நரி, ஓநாய், பச்சோந்தி என்று காட்டிக் கிண்டல் செய்கிறார்களே, இதை யார் ஆரம்பித்தது, சட்டம் இதை விடுகிறதா, இதனால் ஓட்டு மாறுமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் "மனிதனை மிருகமாக்குவது கேவலம் இல்லையா?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள் பாருங்கள், நீங்கள் கேட்க வந்தது அதுதான் என்று நினைக்கிறேன். கிண்டல் எங்கே முடிகிறது, இழிவுபடுத்துவது எங்கே தொடங்குகிறது என்பதே உங்கள் கேள்வி. பத்திரிகை விளம்பரங்களுக்கு லே-அவுட் போடும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். வரலாறு படித்துத் தெரிந்துகொண்டது. சட்டம், வேலை நிமித்தம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்த அளவுக்குத்தான். வழக்கறிஞர் சொல்ல வேண்டியதை நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒரு வித்தியாசம். கார்ட்டூனும் விளம்பரமும் ஒரே பக்கத்தில், ஒரே மையில் வரலாம். ஒரே கழுதையைக்கூடக் காட்டலாம். கார்ட்டூனில் வரைந்தவரின் கையெழுத்து இருக்கும், பொறுப்பு ஆசிரியருடையது. விளம்பரத்தில் இடத்தை விலைக்கு வாங்கியவர் பேசுகிறார். அதனால் விலங்கு வரும் விளம்பரம் எதைப் பார்த்தாலும் படத்தை ரசிப்பதற்கு முன் அடியில் பொடி எழுத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பது என் பழக்கம். கட்சியா, பெயரே கேள்விப்படாத ஏதோ ஒரு "குடிமக்கள் மன்றமா", வியாபார நிறுவனமா, பத்திரிகையேவா? பெயர் எவ்வளவு மங்கலோ, படத்தில் பல் அவ்வளவு கூராக இருக்கும் என்பது நான் கவனித்த வரை உண்மை.

யார் ஆரம்பித்தது என்பதற்கு ஒரே ஆளைக் காட்ட முடியாது. அரசனை மிருகமாக வரைவது அச்சு இயந்திரத்துக்கும் மூத்த பழக்கம். பத்திரிகைக்குள் அது எப்படி நிலைத்தது என்பதற்கு மட்டும் நல்ல தடயங்கள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது 1812 மார்ச் 26 அன்று பாஸ்டன் கெஜட்டில் வந்த படம். மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரியின் கட்சி தனக்குச் சாதகமாகத் தொகுதிகளை வெட்டி ஒட்டியது. ஜெர்ரி கையெழுத்துப் போட்டார். எசெக்ஸ் மாவட்டத்தில் ஒரு தொகுதி கோணல்மாணலாக நெளிந்து கிடந்தது. எதிர்த்தரப்பு அந்த வரைபடத்துக்கே இறக்கை, நகம், வாய் வரைந்து, பல்லி மாதிரி ஒரு பூதமாக்கி, ஜெர்ரியின் பெயரையும் அதோடு ஒட்டி "ஜெர்ரிமாண்டர்" என்று வெளியிட்டது. வரைந்தவர் எல்கானா டிஸ்டேல் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தப் பெயரை முதலில் சொன்னவர் யார் என்பதில் ஆளுக்கொரு கதை இருக்கிறது, அதில் எதற்கும் நான் பந்தயம் கட்ட மாட்டேன். உங்கள் கேள்விக்கு இதில் முக்கியம் என்னவென்றால், அந்தப் பூதம் ஜெர்ரியின் முகத்திலிருந்து வரவில்லை, அவர் செய்த காரியத்திலிருந்து வந்தது. வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் கிண்டல் சரியா தவறா என்று எவரும் சோதித்துவிடலாம். மறுப்புச் சொல்ல அவர் தரப்பில் எதுவும் மிச்சமில்லை.

அடுத்தது அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட் தாமஸ் நாஸ்ட். அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் கழுதையையும் குடியரசுக் கட்சியின் யானையையும் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். பாதிதான் சரி. ஹார்ப்பர்ஸ் வீக்லியில் 1870 ஜனவரியில், செத்த சிங்கத்தை உதைக்கும் கழுதையாக எதிர்த்தரப்புப் பத்திரிகைகளை அவர் வரைந்தார். 1874 நவம்பரில் வந்த படத்தில் யானை குடியரசுக் கட்சியின் வாக்காளர்களாக வந்தது. ஆனால் 1828 அதிபர் தேர்தலிலேயே வேட்பாளர் ஆண்ட்ரூ ஜாக்சனை எதிரிகள் கழுதை என்று திட்டினார்கள். 1837இல் ஜாக்சனையும் கழுதையையும் சேர்த்து ஒரு படமும் அச்சாகியிருக்கிறது. நாஸ்ட் செய்தது அந்த மிருகங்களை விடாமல் திரும்பத் திரும்ப வரைந்து நாட்டின் கண்ணில் பதிய வைத்தது. ஜாக்சன் அந்த வசையை ரசித்துத் தன் பிரச்சாரச் சுவரொட்டியிலேயே கழுதையைப் போட்டுக்கொண்டார் என்ற கதையும் உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நான் நம்பத் தயங்குவேன்.

அந்த 1874 படத்தை ஒருமுறை தேடிப் பாருங்கள். சிங்கத்தோல் போர்த்திய கழுதை ஒன்று கத்த, மற்ற மிருகங்கள் மிரண்டு ஓடுகின்றன. கழுதை, நியூயார்க் ஹெரால்டு பத்திரிகை. அதிபர் கிராண்ட் மூன்றாம் முறையும் நின்று சர்வாதிகாரி ஆகிவிடுவார் என்று அது கூவிக்கொண்டிருந்தது. பசுத்தோல் போர்த்திய புலியையும் புலித்தோல் போர்த்திய கழுதையையும் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் படத்துக்கு உரையே வேண்டாம். அரசியலில் மிருகம் வேலை செய்வதே இப்படித்தான். கதை வாசகர் தலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது; விளம்பரக்காரர் பெயரை மட்டும் மாற்றுகிறார். பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போகிற வாசகர் ஒரு விளம்பரத்துக்கு ஓரிரு விநாடிதான் தருவார். அந்த நேரத்தில் ஒரு வாதத்தை விளக்க முடியாது, ஒரு பழங்கதையை நினைவுபடுத்த முடியும்.

இதே காரணத்தால்தான் இது எல்லை தாண்டினால் சொதப்பும். ஆங்கில வாசகருக்கு ஆந்தை அறிவாளி. இந்தி வாசகருக்கு முட்டாள். நம் ஊர்களில் அது அலறினாலே கலக்கம். வெளியூர் ஏஜென்சி ஒன்று செய்த வடிவத்தை அப்படியே மொழி மாற்றி அச்சுக்கு அனுப்பும்போது, வார்த்தையைச் சரிபார்க்க நாலு பேர் இருப்பார்கள், மிருகத்தைச் சரிபார்க்க ஒருவரும் இருக்க மாட்டார்.

சொதப்பலுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம், 2005 ஜனவரியில் பிரிட்டன் தொழிற்கட்சி தன் இணையதளத்தில் போட்ட சுவரொட்டி வடிவம். எதிர்க்கட்சித் தலைவர் மைக்கேல் ஹோவர்ட், அந்தக் கட்சியின் நிழல் நிதியமைச்சர் ஆலிவர் லெட்வின் இருவரின் தலையையும் பறக்கும் பன்றிகளின் உடலில் பொருத்தி, "கன்சர்வேட்டிவ் கட்சியின் கணக்கு என்றைக்கு இடிக்காமல் வருகிறதோ அன்றைக்கு" என்ற பொருளில் ஒரு வரி. நடக்கவே நடக்காத காரியத்துக்கு ஆங்கிலத்தில் பன்றி பறப்பதைச் சொல்வார்கள். அவ்வளவுதான் யோசித்தோம் என்றார்கள். ஆனால் அந்த இருவருமே யூதர்கள், யூதருக்குப் பன்றி தீட்டு. யூத வெறுப்பு என்ற குற்றச்சாட்டு கிளம்பியது. கட்சி மறுத்தது, பிறகு வடிவத்தை எடுத்துவிட்டது. உள்நோக்கம் இருந்ததா என்பது வெளியிலிருந்து பார்க்கிற நமக்குத் தெரியப்போவதில்லை. தொழில்ரீதியாக அது எனக்கு அவசியமும் இல்லை. நிதித் திட்டத்தைக் கிண்டல் செய்ய வந்த படம் இரண்டு பேரின் பிறப்பைப் பற்றிய சண்டையாக மாறியது. நிதித் திட்டத்தைப் பற்றி அப்புறம் எவரும் பேசவில்லை. காசு கொடுத்து விளம்பரம் செய்பவருக்கு இதைவிட நஷ்டம் இல்லை. இத்தனைக்கும் அந்த வருடத் தேர்தலில் தொழிற்கட்சிதான் வென்றது, அது வேறு கதை.

இப்போது உங்கள் கேவலம் இல்லையா கேள்விக்கு வருகிறேன். நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: படத்தில் இருப்பது அந்த ஆள் செய்த காரியமா, அவர் பிறந்த கூட்டமா? நிறம் மாறினார் என்று பச்சோந்தியாக வரைந்தால், எப்போது மாறினார் என்று கேட்கலாம், தேதி சொல்லலாம், அவர் மறுக்கலாம். ஒரு மக்கள் கூட்டத்தையே மிருகமாக வரைந்தால் பதில் சொல்ல அங்கே ஆளே கிடையாது. 2007 தேர்தலுக்குச் சுவிட்சர்லாந்தின் மக்கள் கட்சி ஒட்டிய சுவரொட்டியில் மூன்று வெள்ளை ஆடுகள் நிற்கும்; அதில் ஒன்று கறுப்பு ஆட்டைச் சுவிஸ் கொடியிலிருந்து பின்னங்காலால் உதைத்துத் தள்ளும். குற்றம் செய்த வெளிநாட்டவரைப் பற்றித்தான் சொன்னோம், நிறத்தைப் பற்றி இல்லை என்றது கட்சி. இனவெறி குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் சுவிஸ் அரசிடம் விளக்கம் கேட்டார். ஆனால் கட்சி அந்தத் தேர்தலில் ஏறத்தாழ 29 சதவீத வாக்குடன் முதலிடத்தில் வந்தது. வடிவமைப்பாளனாகச் சொன்னால் அது அபாரமான வேலை: இரண்டே நிறம், ஒரே அசைவு, தூரத்திலிருந்தே புரியும். எனக்கு அது பிடிக்காமல் போவதற்கும் அதே திறமைதான் காரணம். 2010இல் அதே நாட்டின் டிச்சினோ பகுதியில் இன்னும் ஒரு படி கீழே போனார்கள். எல்லை தாண்டி வேலைக்கு வருகிறவர்களைப் பாலாடைக்கட்டி தின்னும் எலிகளாகக் காட்டும் விளம்பரங்கள் வந்தன. பணம் கொடுத்தவர் பெயர் ஆரம்பத்தில் அதில் இல்லை.

எலி, கரப்பான், பேன், புழு எல்லாம் எனக்குத் தனி வகை. நரிக்கு ஒரு கதை உண்டு. அது ஏமாற்றும், சில சமயம் ஏமாறும், திராட்சை புளிக்கும் என்று சொல்லிவிட்டுப் போகும். கரப்பானுக்குக் கதை கிடையாது, மருந்துதான் உண்டு. நாஜிகளின் டெர் ஸ்டூர்மர் பத்திரிகை யூதர்களைச் சிலந்தியாகவும் பாம்பாகவும் வரைந்தது. ருவாண்டாவில் 1994 இனப்படுகொலையை ஒட்டி டுட்சி மக்களைக் கரப்பான்கள் என்று வானொலியும் பத்திரிகையும் அழைத்தன. படம்தான் கொலை செய்தது என்று நான் சொல்ல வரவில்லை, காரணங்கள் பல. ஆனால் அந்த வகை மிருகத்தைக் கேட்டு ஒரு கிளையன்ட் வந்தால் அது கிண்டல் அல்ல என்று எனக்கு உடனே தெரிந்துவிடும்.

சட்டத்தைப் பொறுத்தவரை நாட்டுக்கு நாடு நிலைமை வேறு. அமெரிக்காவில் பாதுகாப்பு மிக அகலம். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பாதுகாப்பின் அடித்தளமே ஒரு பத்திரிகை விளம்பரம். 1960இல் நியூயார்க் டைம்ஸில் வந்த கறுப்பின மக்களின் குடிமை உரிமை இயக்கத்தை ஆதரிக்கும் முழுப்பக்க விளம்பரத்தில் சில பிழைகள் இருந்தன. அலபாமா அதிகாரி ஒருவர் வழக்குப் போட்டார். 1964இல் உச்ச நீதிமன்றம், பொய் என்று தெரிந்தோ உண்மையைப் பற்றிக் கவலைப்படாமலோ வெளியிட்டால் ஒழியப் பொது ஊழியர்கள் அவதூறு இழப்பீடு பெற முடியாது என்றது. 1988இல் தீர்ப்பு வந்த ஹஸ்லர் இதழ் வழக்கு இன்னும் பொருத்தம். அதில் பிரச்சினை ஒரு போலி விளம்பரம். மதுபான விளம்பரம் மாதிரியே வடிவமைத்து ஒரு பிரபல மதபோதகரை ஆபாசமாகக் கிண்டல் செய்திருந்தார்கள். அடியில் "இது கேலி விளம்பரம்" என்று பொடி எழுத்தும் இருந்தது. நீதிபதிகள் ஒருமனதாகப் பத்திரிகை பக்கம் நின்றார்கள். தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதிய தீர்ப்பில், ஜார்ஜ் வாஷிங்டனைக் கழுதையாகக் காட்டிய பழைய படமும் நாஸ்ட்டின் படங்களும் வருகின்றன. உங்கள் கேள்விக்கு ஒரு உச்ச நீதிமன்றமே மேற்கோள் காட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் காசு கொடுத்துத் தொலைக்காட்சியில் அரசியல் விளம்பரம் போட முடியாது. அதனால்தான் சுவரொட்டிக்கும் பத்திரிகைக்கும் அங்கே இவ்வளவு மவுசு. ஆனால் வாக்காளரை ஈர்க்கும் அச்சு விளம்பரங்கள் 1999 முதல் விளம்பரத் தர விதிகளுக்கு வெளியே நிற்கின்றன. பற்பசை விற்பவர் சொன்னதை நிரூபிக்க வேண்டும், கட்சிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இந்தியாவில் கதை வேறு மாதிரி. வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றித் தெரிந்தே பொய் பரப்புவது, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(4) பிரிவுப்படி ஊழல் நடவடிக்கை. தேர்தலே செல்லாமல் போகலாம். தேர்தல் நடத்தை விதிகளும் விமர்சனம் கொள்கை, திட்டம், கடந்தகாலப் பணி இவற்றோடு நிற்க வேண்டும் என்கின்றன. நான் மேலே சொன்ன காரியமா பிறப்பா அளவுகோலுக்கு இது கிட்டத்தட்டப் பக்கத்தில் வருகிறது. ஒரு நரிப் படம் இதில் எந்தப் பக்கம் விழும் என்பது படத்தோடு வரும் வாசகத்தைப் பொறுத்தது. அதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

இந்தியாவில் மிருகத்தின் நிலைமையே தனி. இங்கே கட்சியே மிருகத்தைச் சின்னமாக வைத்திருந்ததால் கிண்டல் செய்பவருக்குப் பாதி வேலை மிச்சம். காங்கிரஸுக்கு முதல் பொதுத்தேர்தலிலிருந்து நுகத்தில் பூட்டிய இரட்டைக் காளை. கட்சி உடைந்த பிறகு 1971இல் இந்திரா காந்தி தரப்புக்குப் பசுவும் கன்றும். நெருக்கடி நிலைக் காலத்தில் பசு யார், கன்று யார் என்று எதிர்த்தரப்பு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அம்மாவையும் மகன் சஞ்சயையும் ஜனங்களே பொருத்திக்கொண்டார்கள். 1989 தமிழ்நாட்டுத் தேர்தலில் அ.தி.மு.க.வின் இரண்டு அணிகள் சேவலும் இரட்டைப் புறாவுமாக நின்றன. அந்த வாரங்களில் வாய்ச்சொல்லாக ஓடிய சேவல், புறா கிண்டல்களை எழுதினால் தனிப் பதிவாகிவிடும். பிறகு தேர்தல் ஆணையம் புதிதாக விலங்குச் சின்னம் தருவதை நிறுத்தியது. யானை, சிங்கம் போன்ற பழையவை சில மிஞ்சின. 2012 உத்தரப் பிரதேசத் தேர்தலின்போது, யானையைச் சின்னமாகக் கொண்ட பகுஜன் சமாஜ் கட்சியின் மாயாவதி கட்டிய பூங்காக்களில் இருந்த யானைச் சிலைகளைத் துணி போட்டு மூட ஆணையம் உத்தரவிட்டது. மூடிய யானைகளின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்ததால் அது இலவச விளம்பரமானதுதான் மிச்சம் என்பது என் எண்ணம்.

மிருகம் எப்போதும் கிண்டலுக்காகவே வரும் என்றும் இல்லை. 2015 பீகார் தேர்தலின் கடைசிக் கட்டத்துக்கு முந்தைய நாள், நவம்பர் 4 அன்று, பா.ஜ.க. பத்திரிகைகளில் கொடுத்த விளம்பரத்தில் ஒரு பெண் பசுவை அணைத்தபடி நிற்பார். பசுவைப் பற்றிக் கூட்டாளிகள் பேசியதற்கு முதல்வர் நிதிஷ் குமார் ஏன் வாய் திறக்கவில்லை என்று வாசகம் கேட்கும். சிரிப்பு மூட்டும் நோக்கமே அதில் இல்லை. அந்தத் தேர்தலில்தான் வாக்குப்பதிவை ஒட்டி வரும் பத்திரிகை விளம்பரங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்று ஆணையம் கட்டுப்பாடு போட்டது. பிறகு மற்ற தேர்தல்களுக்கும் அது வந்துவிட்டது. பீகாரில் பா.ஜ.க. கூட்டணி 243 இடங்களில் 58தான் பெற்றது.

இதனால் ஓட்டு மாறுமா என்றீர்கள். ஒரு விளம்பரத்தை மட்டும் தனியே எடுத்து இது இத்தனை ஓட்டு கொண்டுவந்தது என்று பிரித்துக் காட்டுவது என்னைப் பொறுத்தவரை முடியாத காரியம். சுவிஸ் ஆடு வென்ற பக்கம் நின்றது, பீகார் பசு தோற்ற பக்கம் நின்றது. ஜெர்ரி 1812இல் ஆளுநர் தேர்தலில் தோற்றார், ஆனால் அந்தக் கோணல் தொகுதிகளின் தயவில் மாகாண செனட்டை அவர் கட்சியே வைத்துக்கொண்டது. அவரும் அடுத்து நாட்டின் துணை அதிபரானார். படம் நிலைத்தது, பூதமும் பிழைத்தது. நாஸ்ட்டின் கிண்டல் படங்களுக்கு ஆளான நியூயார்க்கின் ஊழல் அரசியல் தலைவர் ட்வீட், தன் ஆட்களுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்தப் பாழாய்ப்போன படங்களைப் பார்க்கிறார்களே என்று புலம்பியதாக ஒரு வாசகம் எல்லா நூலிலும் வரும். அவர் அப்படியே சொன்னாரா என்பது சந்தேகம்தான். ஆனால் தப்பியோடிய அவர் 1876இல் ஸ்பெயினில் பிடிபட்டபோது நாஸ்ட் வரைந்த படம் அடையாளம் காட்ட உதவியது என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்டது. படம் ஞாபகத்தில் ஒட்டும் என்பது வரைக்கும் உறுதியாகச் சொல்வேன்.

செய்முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். மூன்று வழி உண்டு. மிருக உடம்பில் ஆளின் தலையை ஒட்டுவது, மிருகத்துக்கு அந்த ஆளின் கண்ணாடி, துண்டு, தொப்பியைப் போடுவது, ஆளே இல்லாமல் வெறும் மிருகத்தைக் காட்டி ஒரு வரி எழுதுவது. முதலாவது எளிது, மலிவு, வழக்கும் அதில்தான் வரும். பிரிட்டன் பன்றிகள் அந்த வகை. மூன்றாவதுதான் கெட்டிக்காரத்தனம். 1984இல் ரீகனுக்காகச் செய்த தொலைக்காட்சி விளம்பரத்தில் காட்டில் ஒரு கரடி திரியும், அவ்வளவுதான். சோவியத் என்ற பெயரே வராது. ரஷ்யாவைக் கரடியாக வரைவது லண்டன் பஞ்ச் நையாண்டி இதழ்க் காலத்திலிருந்தே ஊறிப்போன பழக்கம் என்பதால் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நம் நாட்டில் 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ.யைக் கூண்டுக்கிளி என்றது. அதற்குப் பிறகு ஒரு கூண்டை மட்டும் வரைந்தாலே போதும், கிளிகூட வேண்டியதில்லை.

இந்த வகையில் ஒரு பத்திரிகை தனக்காகவே செய்துகொண்ட மிக நல்ல வேலை, 2012இல் லண்டன் கார்டியன் வெளியிட்ட மூன்று பன்றிக்குட்டி விளம்பரம். அது படமெடுத்த விளம்பரம், அச்சு இல்லை. ஆனாலும் இந்தப் பேச்சில் அதை விட முடியாது. ஓநாயைக் கொதிநீரில் கொன்ற குற்றத்துக்காகப் பன்றிகள் கைதாகின்றன. பொதுமக்கள் முதலில் பன்றிகள் பக்கம். பிறகு ஓநாய்க்கு ஆஸ்துமா, அதனால் வீட்டை ஊதித் தள்ளவே முடியாது என்று தெரிகிறது. பன்றிகள் வீட்டுக் கடன் கட்ட முடியாமல் காப்பீட்டு மோசடி செய்தவை என்று கடைசியில் வெளிவந்து, கடன் சுமைக்கு எதிராகத் தெருவில் கலவரம் வெடிக்கிறது. ஒரு அரசியல்வாதி முகம்கூடக் கிடையாது, ஆனால் நிதி நெருக்கடிக்குப் பிந்தைய அரசியல் முழுக்க அதில் இருக்கிறது. கிண்டல் வாசகரையும் சேர்த்துத்தான். யார் ஓநாய் என்று நாம் எவ்வளவு அவசரமாக முடிவு செய்கிறோம் என்பதை நம் கண் முன்னாலேயே காட்டிவிடுகிறது.

உங்கள் சங்கத்தின் சார்பில் இப்படி ஒன்று போடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தேர்தல் காலம் என்றால் முதலில் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஒரு வேட்பாளருக்கு ஆதரவாக அவர் அனுமதியில்லாமல் விளம்பரச் செலவு செய்வதே இந்தியாவில் குற்றம். மற்றக் காலத்தில், சங்கத்தின் முழுப் பெயரைப் படிக்கக்கூடிய அளவில் போடுங்கள். எந்த முடிவை, எந்த அறிவிப்பைக் கிண்டல் செய்கிறீர்களோ அதன் தேதியைப் படத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். வாசகம் வாங்கும்போதே பத்திரிகையின் விளம்பரப் பிரிவு, வழக்கு வந்தால் பொறுப்பு உங்களுடையது என்று எழுதி வாங்கும், அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கடைசி நேரத்தில் அவர்கள் படத்தைத் திருப்பி அனுப்பவும் உரிமை உண்டு, அதனால் மிருகமே இல்லாத இன்னொரு வடிவத்தையும் கையில் தயாராக வைத்திருங்கள்.